டெக்சாஸ் எல்லைச் சுவருக்குப் போன காசை நாமே தேடிப் பிடிப்பது எப்படி

டெக்சாஸில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கினால்கூட ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் போன்ற ஊர்களில் பில்லில் 8.25 சதவீதம் விற்பனை வரி ஏறும். அதில் 6.25 சதவீதம் நேராக மாநில அரசின் கல்லாவுக்குப் போகிறது. இங்கே மாநில வருமான வரி இல்லை என்பதால் நம் ஆட்களில் பலர் மாநிலத்துக்கு நாம் ஒன்றும் கட்டுவதில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டுகிறோம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர், படிக்க வந்த மாணவர், பேரனைப் பார்க்க ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா அப்பா, எல்லாருமே கட்டுகிறோம். அதனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அதை எப்படிக் கேட்பது, எங்கே பார்ப்பது, எந்த இடத்தில் ஏமாறாமல் இருப்பது என்பதை மெக்சிகோ எல்லைச் சுவரை வைத்தே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக நான் விடாமல் பின்தொடர்ந்து வரும் கணக்கு இது.

முன்கதை சுருக்கமாக. எல்லைக் காவல் மத்திய அரசின் வேலை. ஆனால் 2021 மார்ச்சில் ஆளுநர் கிரெக் அபட் ‘ஆபரேஷன் லோன் ஸ்டார்’ என்ற பெயரில் மாநிலப் போலீஸையும் மாநிலப் படையையும் எல்லைக்கு அனுப்பினார், ஜூனில் மாநிலமே சொந்தச் செலவில் சுவர் கட்டும் என்று அறிவித்தார். அதற்கப்புறம் சுவருக்கு மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியாயிற்று. 2025-ன் நடுவில் பார்த்தால் கட்டி முடித்திருந்தது சுமார் 65 மைல். சுவர் தேவை என்று மாநிலமே குறித்து வைத்திருந்த நீளம் 805 மைல். சுவர் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான், அதனால் அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை.

முதலில் ஐந்து தொகைகளைப் பிரித்துப் பாருங்கள்

செய்தியில் ஒரு தொகையைப் பார்த்தவுடன் அதை ‘செலவு’ என்று மனதில் எழுதிக்கொள்ளாதீர்கள். அரசுப் பணம் ஐந்து படி இறங்கித்தான் தரைக்கு வரும். மேடையில் அறிவித்த தொகை ஒன்று, சட்டமன்றம் ஒதுக்கிய தொகை ஒன்று, ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றிய தொகை ஒன்று, கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட தொகை ஒன்று, உண்மையில் கருவூலத்திலிருந்து கொடுத்த தொகை கடைசி. ஐந்தும் ஒரே பெயரில் செய்தியில் உலாவும், ஐந்தும் வேறு வேறு.

இந்தப் பிரிவை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுவருக்கு ஒதுக்கிய சுமார் 310 கோடியை 65 மைலால் வகுத்தால் மைலுக்கு 4.8 கோடி டாலர் வரும். பல இடங்களில் இப்படி வகுத்துப் போட்ட எண்ணை நான் பார்த்திருக்கிறேன். தப்பு. மேலே இருப்பது ஒதுக்கீடு, கீழே இருப்பது கட்டி முடித்த நீளம். கட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கான பணமும் மேலே கலந்து கிடக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பதுதான் சரி. எல்லையோர ஸ்டார் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) போட்ட முதல் ஒப்பந்தம் சுமார் 8 மைலுக்கு 16.2 கோடி டாலர், அதாவது மைலுக்கு 2 கோடியைத் தொட்டது. அதுவே பெரிய தொகைதான், ஊதிப் பெருக்க அவசியமே இல்லை. நம் எண் ஒரு இடத்தில் தப்பானால் மீதி எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு இடறல் ஆண்டுக் கணக்கு. டெக்சாஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டில் மட்டும் அதிகபட்சம் 140 நாள் கூடி, இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து பட்ஜெட் போடும். நிதியாண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கும். எனவே ‘2024-25’ என்று எழுதியிருந்தால் அது 2023 செப்டம்பர் 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை. இதைக் கவனிக்காமல் ஒரே பணத்தை இரண்டு முறை கூட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரு நண்பர் வட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வாரமே திருத்த வேண்டியிருந்தது.

பட்ஜெட்டில் எங்கே தேடுவது

‘எல்லைச் சுவர்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. பணம் துறை துறையாகச் சிதறிக் கிடக்கும். மாநிலப் போலீஸ் என்று நாம் சொல்லும் பொதுப் பாதுகாப்புத் துறைக்குக் கொஞ்சம், மாநில ராணுவத் துறைக்குக் கொஞ்சம், ஆளுநர் அலுவலகத்தின் கையில் இருக்கும் திட்டங்களுக்குப் பெரிய தொகை. சுவரைக் கட்டுவது யார் என்றால், டெக்சாஸ் ஃபெசிலிட்டீஸ் கமிஷன். அரசுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிப்பதுதான் அவர்களின் வழக்கமான வேலை, நம் ஊர் பொதுப்பணித்துறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம்தான் சுவர் வேலை போனது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் முதல் சில மாதம் போலீஸ் துறையின் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

மொத்தப் படம் வேண்டும் என்றால் சட்டமன்ற பட்ஜெட் வாரியம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ‘ஃபிஸ்கல் சைஸ்-அப்’ என்ற தொகுப்பில் தொடங்குங்கள். பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கும். எல்லைப் பாதுகாப்பு என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் எந்தத் துறைக்கு எவ்வளவு என்று வரும். அதை வைத்துக்கொண்டு சட்டத்துக்குப் போங்கள். சுவருக்கும் பணம் வைத்த பெரிய ஒதுக்கீடுகள் மூன்று முறை வந்தன. 2021 செப்டம்பரில் கையெழுத்தான எச்.பி. 9 (கீழவை மசோதா) வழியாக சுமார் 180 கோடி டாலர், அதில் சுவர், வேலி போன்ற தடுப்புகளுக்கு மட்டும் ஏறக்குறைய 75 கோடி. 2023-ல் முதன்மை பட்ஜெட்டில் எல்லைப் பாதுகாப்பு முழுவதற்கும் சேர்த்து சுமார் 510 கோடி. அதே ஆண்டு டிசம்பரில் எஸ்.பி. 3 (மேலவை மசோதா) வழியாக இன்னொரு 154 கோடி, இது முக்கியமாகத் தடுப்புக்கே. 2025-ல் எல்லைப் பாதுகாப்புக்கு சுமார் 340 கோடி ஒதுக்கினார்கள், ஆனால் சுவர் கட்டப் புதிதாகப் பணம் வைக்கவில்லை. பட்ஜெட்டில் என்ன இல்லை என்று பார்ப்பதும் முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது. சுவரை நிறுத்துகிறோம் என்று யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை, அந்த வரி அடுத்த பட்ஜெட்டில் இல்லை, அவ்வளவுதான்.

சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் அதோடு ‘ஃபிஸ்கல் நோட்’ என்று ஒரு தாள் சேர்ந்து வரும். மசோதாவைவிட அதை முதலில் படியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான், செலவு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று எழுதியிருக்கும்.

அப்புறம் பட்ஜெட்டுக்கு வெளியே நடக்கும் மாற்றல்கள். இதுதான் பலர் தவறவிடும் இடம். 2021 ஜூன் 16-ல் சுவருக்கான முதல் 25 கோடி டாலர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிறைத்துறையின் ஒதுக்கீட்டிலிருந்து. புதுச் சட்டம் எதுவும் இல்லை. ஆளுநர், துணை ஆளுநர், சபாநாயகர், இரண்டு அவைகளின் நிதிக் குழுத் தலைவர்கள் என ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதுமாக இருந்தது. அந்தக் கடிதத்தை ஆளுநர் அலுவலகப் பக்கத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்திருக்கிறேன். பேரிடர் அறிவிப்பு நடப்பில் இருக்கும்போது இப்படிச் செய்ய முடிகிறது, அந்த அறிவிப்பை 30 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே பட்ஜெட் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், 2022-லும் இப்படிப் பல கோடிகள் துறை தாண்டிப் போயின. ‘பட்ஜெட் எக்ஸிக்யூஷன்’, ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொற்களை வைத்து ஆளுநர் அலுவலக அறிவிப்புகளில் தேடுங்கள்.

நன்கொடைக் கணக்கு தனி. சுவருக்குப் பொதுமக்கள் காசு அனுப்பலாம் என்று ஒரு இணையப் பக்கம் திறந்தார்கள், சுமார் 5.5 கோடி டாலர் சேர்ந்தது. அதில் 5.3 கோடி அளவுக்கு டிமதி மெலன் என்ற ஒரே கோடீஸ்வரர் பங்குகளாகக் கொடுத்தது. ஊரே கூடிக் கொடுத்த பணம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நிலம் யாருடையது என்று கேளுங்கள்

பணத்தைத் தேடும்போது நிலத்தை மறந்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் எல்லாக் கேள்விக்கும் பாதிப் பதில் நிலத்தில்தான் இருக்கிறது.

ரியோ கிராண்டி சிட்டி பக்கம் காரில் போனபோது பார்த்ததைச் சொல்கிறேன். இருபுறமும் மெஸ்கீட் புதர். பார்த்தவுடன் ராமநாதபுரம் ஞாபகம் வந்துவிட்டது, நம் சீமைக்கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு அந்தச் செடி, அதே முள், அதே புழுதிப் பச்சை. அதற்கு நடுவே 30 அடி உயரத்தில் துரு நிறத்தில் எஃகுத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு தூணுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி, மேலே விளக்குக் கம்பம், பக்கத்தில் சரளை போட்ட ரோந்துப் பாதை. அப்படியே போய்க்கொண்டிருக்கும் சுவர் ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஒரு சாதாரணக் கம்பி வேலியும் மாடு மேயும் நிலமும். நான் இறங்கி நின்று அந்தக் கடைசித் தூணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் நிற்கிறது? டெக்சாஸில் எல்லையோர நிலம் பெரும்பாலும் தனியார் நிலம். சுவருக்காக நில ஆர்ஜிதம் செய்யக் கூடாது என்று சட்டமன்றமே தடை போட்டிருந்தது. எனவே கமிஷன் ஒவ்வொரு உரிமையாளரிடமும் போய்ப் பேசி, பணம் கொடுத்து, ஈஸ்மென்ட் என்ற வழியுரிமையை எழுதி வாங்க வேண்டும். மூன்றில் ஒருவர் அளவுக்கு மறுத்துவிட்டார்கள். சம்மதம் கிடைத்த இடத்தில் சுவர், மறுத்த இடத்தில் இடைவெளி. சுவர் துண்டு துண்டாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஸ்டார் கவுன்ட்டியில் 2024-ல் மாநில நில அலுவலகம் 1,402 ஏக்கர் பண்ணை ஒன்றையே விலைக்கு வாங்கிவிட்டது, சுமார் ஒன்றரை மைல் சுவருக்கு வழி பிறக்கும் என்று. இது கமிஷன் கணக்கில் வராது, நில அலுவலகத்தின் கணக்கில் வரும். இப்படிப் பக்கத்துத் துறையில் ஒளிந்திருக்கும் செலவையும் சேர்த்தால்தான் சுவரின் முழு விலை தெரியும்.

வழியுரிமைப் பத்திரங்களை அந்தந்தக் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள், நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் போல. பல கவுன்ட்டிகள் இணையத்திலேயே தேட விடுகின்றன. வாங்குபவர் பெயரில் கமிஷனின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

நிலத்தைக் கவனிக்காமல் பணத்தைக் கொட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அரிசோனா இருக்கிறது. அங்கே எல்லையை ஒட்டி 60 அடி அகலப் பட்டை 1907-லிருந்து மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்டது. 2022-ல் அப்போதைய ஆளுநர் டக் டூசி, பழைய கப்பல் கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி சுவர் எழுப்பினார், யூமாவில் தொடங்கி கொரோனாடோ தேசியக் காடு வரைக்கும் போனார். காட்டில் போட்ட ஒப்பந்தம் மட்டும் சுமார் 9.5 கோடி டாலர். டிசம்பரில் மத்திய அரசு வழக்குப் போட்டது, ஒரே வாரத்தில் மாநிலம் அகற்றிவிடச் சம்மதித்தது. அடுக்கியதும் மாநிலச் செலவு, அகற்றியதும் மாநிலச் செலவு. நிலத்தின் கணக்கை யாராவது உரக்கக் கேட்டிருந்தால் அந்த மக்களின் பணம் மிஞ்சியிருக்கும்.

கேமரா, மென்பொருள்

சுவரைக் கண்ணால் பார்க்கலாம், தொழில்நுட்பத்தைப் பார்க்க முடியாது. அதனால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

வாங்கும் விலையைவிட ஆண்டுச் சந்தாவைக் கேளுங்கள். ஒரு கேமராவுக்கு சிம் இணைப்பு வேண்டும், பேட்டரி மாற்ற ஆள் வேண்டும், வரும் படத்தைப் பார்க்க ஒருவர் உட்கார வேண்டும். மாநிலப் போலீஸின் ‘ஆபரேஷன் டிராபிரிட்ஜ்’ 2012 முதல் நடக்கிறது, வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டும் வகைக் கேமராதான், அசைவு தெரிந்தால் படம் அனுப்பும். கருவி மலிவு, அதனால் செலவு அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களுக்குத்தான் போகும் என்பது என் கணிப்பு. மென்பொருளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘டேங்கில்ஸ்’ என்ற கண்காணிப்பு மென்பொருளை 2021-ல் இதே லோன் ஸ்டார் பேரைச் சொல்லி, அவசரக் கொள்முதலாக, ஏறக்குறைய 2 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2024-ல் அதற்கே ஐந்து ஆண்டுக்கு சுமார் 53 லட்சம் டாலர் ஒப்பந்தம். சின்னதாக நுழையும் பொருள்தான் நிரந்தரமாகத் தங்கும், ஆகவே ஒப்பந்தத்தின் முதல் ஆண்டுத் தொகையோடு நிற்காமல் புதுப்பிக்கும் ஆண்டுகள் எத்தனை என்று எழுதியிருக்கும் பத்தியைத் தேடுங்கள்.

கேமராவால் என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் விடாதீர்கள். 2008-ல் டெக்சாஸ் எல்லையில் கேமரா வைத்து, வீட்டில் உட்கார்ந்தபடியே யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துத் தகவல் சொல்லலாம் என்று ஒரு திட்டம் ஓடியது, முதல் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மானியம். உலகம் முழுக்க ஆட்கள் பார்த்தார்கள், கைதுகள் மிகச் சொற்பம்.

ஷெரிஃப் (கவுன்ட்டிப் போலீஸ்) அலுவலகங்களுக்கும் கவுன்ட்டிகளுக்கும் போகும் பணம் பெரும்பாலும் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவு வழியாக மானியமாகப் போகிறது. இ-கிராண்ட்ஸ் என்ற இணையதளத்தில் எந்த மானியத்துக்கு என்ன நிபந்தனை, எதற்குச் செலவு செய்யலாம் என்ற அறிவிப்புகள் எல்லாம் இருக்கும். ‘ஆபரேஷன் லோன் ஸ்டார்’ மானியம் ஒன்று, ‘லோக்கல் பார்டர் செக்யூரிட்டி புராஜெக்ட்ஸ்’ இன்னொன்று. ‘ஸ்டோன்கார்டன்’ என்று பார்த்தால் அது மத்திய அரசுப் பணம், மாநிலக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொடுத்த பணத்தைப் பார்ப்பது

மாநிலக் கணக்காளரான கம்ப்ட்ரோலரின் வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் துறை வாரியாகவும் கம்பெனி வாரியாகவும் கொடுத்த தொகையைத் தேடலாம். கம்பெனிப் பெயர் தெரியாவிட்டால் பட்ஜெட் வாரியத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்தில் துறையின் பெயரைப் போட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். எக்ஸெலில் இறக்கித் தேதி வாரியாக அடுக்கினால் போதும், எப்போது பணம் வேகமாகப் போனது, எப்போது நின்றது என்று கண்ணுக்குத் தெரியும்.

கிடைக்காததைக் கேட்டு வாங்குவது

இது நம் ஊர் ஆர்டிஐ மாதிரிதான், ஒரு விதத்தில் இன்னும் நல்லது. இந்தியாவில் ஆர்டிஐ குடிமக்களுக்கு மட்டும். டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கவும் கூடாது. விசாவில் இருப்பவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மின்னஞ்சலில் எழுதினால் போதும். தாமதமின்றித் தர வேண்டும். மறைக்க நினைத்தால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். 50 பக்கம் வரை பொதுவாக ஆள்கூலி கேட்க முடியாது, நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட். செலவு 40 டாலரைத் தாண்டும் என்றால் மதிப்பீடு அனுப்புவார்கள், அதற்கு நீங்கள் 10 வேலை நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் மனுவை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். என் முதல் மனு அப்படித்தான் போனது. “எல்லைச் சுவர் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன், பல நூறு டாலருக்கு மதிப்பீடு வந்தது, ஸ்பாம் பெட்டியில் கிடந்த அந்த மின்னஞ்சலை நான் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை இப்படிக் கேட்டேன்: “ஸ்டார் கவுன்ட்டியில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கையெழுத்தான சுவர்க் கட்டுமான ஒப்பந்தங்கள், அவற்றின் திருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் இதுவரை கொடுத்த தொகையின் பட்டியல். மின்னணு வடிவில் போதும்.” வந்துவிட்டது. இடம், தேதி, ஆவணத்தின் வகை, மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘திருத்தங்கள்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள், தொகை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி எதைப் பார்ப்பது

2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தில் எல்லைச் சுவருக்கு 4,650 கோடி டாலர் தனியாகவும், 2021 ஜனவரி 20-க்குப் பிறகு மாநிலங்கள் எல்லைக்குச் செய்த செலவுக்கு ஈடாகக் கொடுக்க 1,000 கோடி டாலர் நிதி ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன்பே, ஜனவரியில், அபட் 1,110 கோடி டாலர் திருப்பிக் கேட்டிருந்தார். இந்த வகையில் மாநிலத்துக்குள் வரும் பணம் எந்தக் கணக்கில் வரவாகிறது, எந்தத் துறைக்குத் திரும்புகிறது, சிறைத்துறை போல முன்னால் எடுத்த இடங்களுக்கு ஏதாவது போகிறதா என்று கவனியுங்கள். மத்திய அரசு திருப்பிக் கொடுத்த தொகையை மாநிலச் செலவிலிருந்து கழிக்காமல் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பவர்களும் வருவார்கள், கழித்துவிட்டுச் செலவே ஆகவில்லை என்பவர்களும் வருவார்கள்.

அடுத்த சட்டமன்றம் 2027 ஜனவரி 12-ல் கூடுகிறது. ஆனால் துறைகள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கோரிக்கைகள் அதற்குப் பல மாதம் முன்பே பட்ஜெட் வாரியத்தின் பக்கத்தில் ஏறிவிடும். ஃபெசிலிட்டீஸ் கமிஷனின் கோரிக்கையைத் திறந்து, கட்டிய சுவரைப் பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்ற வரியை முதலில் பாருங்கள்.